13 வயதுப் பதிவும் 20 வயது ஒப்பந்தமும்

கேள்வி:

நான் திருகோணமலை நகரில் ஒரு விளையாட்டுக் கழகத்தின் செயலாளர். எங்களிடம் சின்ன வயதிலிருந்து உதைபந்தாட்டம் பழகிய பொடியன் ஒருவனைக் கொழும்புக் கழகம் ஒன்று சம்பளத்துக்கு ஒப்பந்தம் செய்திருக்கிறது. அவனுக்கு இப்போது 20 வயது. அந்தச் செய்தியை நாங்கள் முகநூலில் போட்ட மூன்றாம் நாள், 2019 மே மாதம் அவன் எழுதிய பதிவொன்றின் ஸ்கிரீன்ஷாட் ஊரெல்லாம் சுற்றத் தொடங்கியது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு முஸ்லிம் மக்களை மிகக் கேவலமாக எழுதியது. அப்போது அவனுக்கு 13 வயது. பரப்பியவர் எங்கள் ஊர்க்காரர்தான். தன் மகனுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை என்ற கோபம் அவருக்கு. ஆனால் இவனோடு மாவட்ட அணியில் ஆடிய, பக்கத்து முஸ்லிம் ஊரான கிண்ணியாவின் பொடியன்கள் உண்மையாகவே நொந்து போயிருக்கிறார்கள். கொழும்புக் கழகம் எழுத்தில் விளக்கம் கேட்கிறது. எங்கள் நிர்வாக சபையில் பாதிப் பேர், அவனை ஒரு வருடம் இடைநிறுத்திவிட்டு 'நடவடிக்கை எடுத்துவிட்டோம்' என்று பதில் போடச் சொல்கிறார்கள். மற்றப் பாதி, கணக்கை யாரோ ஹேக் பண்ணிவிட்டார்கள் என்று எழுதச் சொல்கிறது. ஸ்கிரீன்ஷாட் பரப்பியவர் மீது பொலிஸில் முறையிடவும் யோசனை இருக்கிறது. பொடியன் சாப்பிடாமல் அறைக்குள் கிடக்கிறான் என்று தாய் வந்து அழுகிறார். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பதிவுக்கு அன்று லைக் போட்ட 41 பேரில் நானும் ஒருவன்.

பதில்:

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

எல்லாவற்றுக்கும் முதல், அந்தப் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். கழகத்தில் அவன் மதிக்கிற ஒருவர் இன்றே வீட்டுக்குப் போகட்டும். புத்தி சொல்ல வேண்டாம், பக்கத்தில் இருந்து சாப்பிட வைத்தால் போதும். போனை ஒரு வாரத்துக்குத் தாயிடம் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஏனென்றால் இப்போது அதில் வருகிற எதையும் அவன் படிக்கத் தேவையில்லை. வாழ்வது வீண் என்ற மாதிரி ஒரு சொல் அவன் வாயிலிருந்து வந்தால் தாமதிக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். மற்றதெல்லாம் இரண்டு நாள் பொறுக்கும்.

இனி உங்கள் கடிதத்தின் கடைசி வரி. அதை எழுதாமலே விட்டிருக்கலாம். எழுதினீர்கள். கையில் இருந்த மற்றக் கடிதங்களைத் தள்ளி வைத்துவிட்டு இதற்கு முதலில் பதில் எழுதுவதற்குக் காரணம் அந்த வரிதான்.

அந்த 41 பேரின் பெயரையும் ஒருமுறை ஆறுதலாகப் பாருங்கள். எத்தனை பேர் அன்று 30 வயதைத் தாண்டியவர்கள்? எத்தனை பேர் இப்போது உங்கள் நிர்வாக சபையில் இருக்கிறார்கள்? 13 வயதுப் பிள்ளை ஒரு முழுச் சமூகத்தையும் அப்படித் திட்டி எழுத, அந்தச் சொற்கள் எங்கிருந்து கிடைத்தன? பாடப் புத்தகத்தில் அவை இல்லை. 2019 ஏப்ரல் 21க்குப் பின்னர் வந்த வாரங்களை நினைத்துப் பாருங்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் செத்துப்போன பிள்ளைகளின் படங்கள் கைக்குக் கை போய்க்கொண்டிருந்தன. அரசாங்கம் சமூக ஊடகங்களைச் சில நாட்கள் முடக்கியது. தேநீர்க் கடையையும் சலூனையும் கலியாண வீட்டுப் பந்தலையும் யார் முடக்குவது? அங்கேயெல்லாம் பெரியவர்கள் கதைத்ததைத்தான் அந்தப் பொடியன் எழுத்துப் பிழையோடு முகநூலில் எழுதினான். அவன் செய்தது பிழை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தப் பிழைக்கான மூலதனத்தை அவன் எங்களிடம்தான் கடன் வாங்கினான்.

நான் 'எங்களிடம்' என்று சொல்வது மரியாதைக்காக அல்ல. எனக்கும் 13 வயது இருந்தது. நகரில் ஒரு மைதானத்துக்குக் கிண்ணியா அணி ஆட வந்த நாளில், நாங்கள் ஏழெட்டுப் பேர் மதிலில் ஏறி உட்கார்ந்துகொண்டு கத்தியதை இங்கே அச்சில் போட முடியாது. அவர்கள் வந்தது 'பாதை'யில். (இளம் வாசகர்களுக்கு: 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அங்கே நீரைக் கடக்க மிதவைதான். அதைத்தான் கிழக்கில் பாதை என்போம்.) ஆட்டம் முடிந்ததும் கடைசிப் பாதையைப் பிடிக்க அவர்கள் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஓடும்போதும் விடாமல் கத்தினோம். பக்கத்தில் நின்ற பெரியவர்கள் சிரித்தார்கள். என் காதைப் பிடித்துத் திருக ஒருவரும் இருக்கவில்லை, ஸ்கிரீன்ஷாட்டும் இருக்கவில்லை. பிறகு நான் படித்துச் சட்டத்தரணியானேன், கழகங்களின் ஒழுக்காற்று விசாரணைகளில் உட்கார்ந்தேன், பிள்ளைகளுக்குத் தண்டனையும் எழுதினேன். உங்கள் பொடியனுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் நான் பிறந்த ஆண்டு மட்டும்தான்.

சரி, சட்டத்தைச் சுருக்கமாக முடித்துவிடுவோம்.

எங்கள் தண்டனைச் சட்டக்கோவை 2018இல் திருத்தப்பட்டது. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்வது குற்றம் ஆகாது. 12க்கும் 14க்கும் இடையில் என்றால், தான் செய்வது என்னவென்று விளங்கும் முதிர்ச்சி அந்தப் பிள்ளைக்கு இருந்ததா என்று பார்க்க வேண்டும். உங்கள் பொடியன் எழுதிய வயது சரியாக இந்த இடைவெளிக்குள் விழுகிறது. கொலை வழக்கிலேயே முதிர்ச்சி இருந்ததா என்று கேட்கச் சட்டம் சொல்லும்போது, ஒரு முகநூல் பதிவுக்கு அந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு வருடம் இடைநிறுத்த உங்கள் நிர்வாக சபை தயாராக இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அதே 13 வயதில்தான் முகநூல் கணக்குத் திறக்க அனுமதிக்கிறது. மோட்டார் சைக்கிள் ஓட்டவும் வாக்குப் போடவும் தன் பெயரில் ஒப்பந்தம் எழுதவும் வயது காணாத பிள்ளைக்கு, உலகம் முழுவதும் கேட்கும் ஒலிபெருக்கியைக் கையில் கொடுக்கலாமாம்.

அடுத்தது விளையாட்டுச் சட்டம். ஃபிஃபாவின் ஒழுக்காற்றுக் கோவையில் குற்றங்களுக்குக் காலாவதி உண்டு. ஆட்டத்தின்போது நடந்ததற்கு 2 வருடம். ஊக்கமருந்து, ஆட்ட நிர்ணயம் போன்ற சிலவற்றுக்கு 10. மற்றவற்றுக்கு 5. 2019 மே மாதத்துப் பதிவு 2024 மே மாதத்தோடு அந்தக் கணக்கில் காலாவதி. அதுவும் எழுதியவர் அன்று பதிவு பெற்ற வீரராக இருந்தால்தான் இந்தக் கணக்கே வரும். இவனோ பள்ளிக்கூடப் பிள்ளை. உங்கள் கழக யாப்பை எடுத்துப் பாருங்கள். சமூக ஊடகம் பற்றி அதில் ஏதும் இருக்கிறதா, இருந்தால் எந்த ஆண்டில் சேர்த்தீர்கள்? பதிவுக்குப் பிறகு சேர்த்த விதியால் அந்தப் பதிவைத் தண்டிக்க முடியாது. செய்த நேரத்தில் குற்றமாக இல்லாத ஒன்றுக்குப் பின்னால் வந்து தண்டனை விதிக்கக்கூடாது என்று எங்கள் அரசியலமைப்பின் 13(6) சொல்கிறது. அது குற்றவியலுக்குச் சொன்னது, கழகங்களை நேரடியாகக் கட்டாது. ஆனாலும் அதிலுள்ள நியாயம் ஒரு கிராமத்துக் கழகத்துக்கும் விளங்கும்.

ஆகவே இடைநிறுத்தம் வேண்டாம். சட்டப்படி நிற்காது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் கிண்ணியாவில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஹேக் கதையைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த யோசனையைச் சொன்னவர்கள் பொடியன் மேல் உள்ள பாசத்தில்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அவனுடைய ஒப்பந்தத்தில், கழகத்தின் நற்பெயருக்குப் பங்கம் வரும்படி நடந்தால் ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்ற கருத்தில் ஒரு வாசகம் அநேகமாக இருக்கும். எடுத்துப் படியுங்கள். அப்படியான வாசகங்கள் பொதுவாகக் கையொப்பமிட்ட நாளிலிருந்து நடப்பதற்குத்தான் பொருந்தும். 13 வயதில் எழுதியதை அதற்குள் இழுத்து வருவது கொழும்புக் கழகத்தின் சட்டத்தரணிக்குக் கஷ்டமான வேலை. இப்போது ஹேக் என்று எழுதிக் கொடுத்தால் அந்தக் கஷ்டத்தை நீங்களே தீர்த்து வைக்கிறீர்கள். அது 20 வயது மனிதன், ஒப்பந்தக் காலத்துக்குள், எழுத்தில் சொன்ன பொய். 13 வயதுப் பதிவுக்காக அவனை அனுப்ப முடியாத கழகம், அந்தப் பொய்க்காக மறுநாளே அனுப்பலாம். கையொப்பமிடும்போது பழைய பதிவுகள் ஏதும் உண்டா என்று அவனிடம் கேட்டார்களா, அவன் இல்லை என்று சொன்னானா என்பதையும் விசாரித்து வையுங்கள். அப்படிச் சொல்லியிருந்தால் அதை மறைக்காமல், மறந்துவிட்டான் என்றால் மறந்துவிட்டான் என்றே, முதல் கடிதத்திலேயே எழுத வேண்டும்.

பரப்பியவர் மீது முறைப்பாடு? விட்டுவிடுங்கள். இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024இல் வந்ததிலிருந்து ஆளாளுக்கு அதைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அவர் பரப்பியது பொய் அல்ல, உங்கள் பொடியன் எழுதியதைத்தான். அவருடைய நோக்கம் அழுக்கு என்பது எனக்கும் தெரிகிறது. ஆனால் பொலிஸுக்குப் போனால், கிண்ணியாக்காரர்களுக்கு நீங்கள் சொல்லும் செய்தி இதுதான்: எங்களுக்கு நோவது அவன் எழுதியது அல்ல, நீங்கள் அதைப் பார்த்துவிட்டது.

நோக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இது எங்கள் ஊரில் மட்டும் நடப்பதல்ல. 2018 டிசம்பரில் பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்போல் ஆட்டத்தின் ஆகப் பெரிய விருதான ஹைஸ்மன் விருது கைலர் மரேக்குக் கிடைத்த அதே இரவில், அவர் 14, 15 வயதில் எழுதியவை வெளியே வந்தன. அதே ஆண்டு ஏப்ரலில் பல்கலைக்கழகக் கூடைப்பந்து இறுதியாட்டத்தில் டொன்டே டிவின்சென்சோ 31 புள்ளி எடுத்த இரவில், அவருடைய 14 வயதுப் பதிவு. ஜூலையில் பேஸ்போல் நட்சத்திர ஆட்டத்தில் ஜோஷ் ஹேடர் பந்து வீசிக்கொண்டிருக்கும்போதே, அவர் 17 வயதில் எழுதியவை. தோண்டுகிறவர்களுக்கு நாள் பார்க்கத் தெரியும். அந்தப் பதிவுகள் பல ஆண்டுகளாக அங்கேயேதான் கிடந்தன. புண்பட்டவர்கள் மேல் அக்கறை இருந்திருந்தால் முன்பே யாராவது சொல்லியிருக்கலாம். மாலை விழும் நாளில்தான் கல்லும் விழுகிறது. உங்கள் ஊர்க்காரரும் ஒப்பந்தச் செய்தி வந்த மூன்றாம் நாள்வரை காத்திருந்தார்.

அந்த மூவரையும் யாரும் தடை செய்யவில்லை. மரே அன்றிரவே மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஏப்ரலில் தொழில்முறை அணிகளின் தெரிவில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். ஹேடரைப் பயிற்சி வகுப்புக்குப் போகச் சொன்னார்கள், ஆட்டத் தடை போடவில்லை. ஆனால் ஹேடர் கதையில் எனக்கு நெருடுவது வேறு. அவர் மில்வாக்கிக்குத் திரும்பி வந்து சொந்த மைதானத்தில் இறங்கியபோது, சனம் எழுந்து நின்று கைதட்டியது. மன்னித்தோம் என்பதற்காகவா, எங்களுக்கு அது பெரிய விடயமே இல்லை என்பதற்காகவா? அவர் இழிவாக எழுதிய கறுப்பின மக்களில் ஒருவர் அந்த அரங்கில் இருந்திருந்தால், அந்தக் கைதட்டல் அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும்? உங்கள் பொடியன் மெக்கெய்சர் மைதானத்தில் அடுத்த முறை இறங்கும்போது அப்படி ஒரு கைதட்டல் எழுந்தால், அதை நிறுத்துவதும் செயலாளரின் வேலைதான்.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு ஒல்லி ரொபின்சன் நினைவிருக்கும். 2021 ஜூன் 2, லோர்ட்ஸ் மைதானம், நியூசிலாந்துக்கு எதிரே இங்கிலாந்தின் வேகப்பந்து வீச்சாளராக அவருடைய முதல் டெஸ்ட். அன்று காலையில்தான் இரண்டு அணியும் வரிசையாக நின்று, இங்கிலாந்து வீரர்கள் பாகுபாட்டுக்கு எதிரான வாசகம் எழுதிய சட்டையோடு நின்றார்கள். மாலைக்குள் அவர் 18, 19 வயதில் எழுதிய இனவாத, பெண்களை இழிவுபடுத்தும் பதிவுகள் வெளியே வந்துவிட்டன. அந்த ஆட்டத்தில் 7 விக்கெட் எடுத்து, 42 ஓட்டமும் அடித்தார். ஆட்டம் முடிந்ததும் இடைநிறுத்தம். பிரதமர் போரிஸ் ஜோன்சன்வரை அதில் வாய் வைத்தார்கள். கடைசியில் 8 ஆட்டத் தடை என்று தீர்ப்பு. அதில் 5 இரண்டு வருடத்துக்கு ஒத்திவைப்பு, மீதி 3 ஏற்கெனவே கழிந்துவிட்டது. தண்டப்பணம் 3,200 பவுண். ஓகஸ்ட்டில் இந்தியாவுக்கு எதிரே திரும்பி வந்து முதல் இன்னிங்ஸிலேயே 5 விக்கெட்.

அந்தத் தீர்ப்பு பரவாயில்லை என்பதே என் அபிப்பிராயம். வளர்ந்த ஆள், எழுதியது ஒன்றிரண்டு அல்ல, தண்டனைக்கும் ஒரு முடிவுத் திகதி இருந்தது. ஆனால் அதே மாதத்தில் நடந்த இன்னொன்றுதான் உங்கள் வழக்குக்கு நெருக்கம். இன்னொரு இங்கிலாந்து வீரரின் பழைய இனவாதப் பதிவு ஒன்றை விஸ்டன் கிரிக்கெட் இணையத்தளம் கண்டுபிடித்தது. எழுதியபோது அவருக்கு 16 வயது ஆகியிருக்கவில்லை என்பதால் பெயரை வெளியிடவில்லை. செய்தியை விற்று வாழ்கிற ஒரு நிறுவனம் செய்த காரியம் இது. உங்கள் ஊர்க்காரருக்கு இதைச் சொல்லிப் பிரயோசனம் இல்லை, உங்கள் நிர்வாக சபைக்குச் சொல்லலாம்.

எதிர்ப்பக்கத்துக்கும் ஓர் உதாரணம் வேண்டும். 2016 ஓகஸ்ட்டில் பேர்ன்லி அணியின் அன்ட்ரே கிரே லிவர்பூலுக்கு எதிரே கோல் போட்டார். அதோடு அவருடைய 2012 டுவீட்டுகள் மேலே வந்தன. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 4 ஆட்டத் தடையும் 25,000 பவுண் தண்டமும் போட்டது. தான் முற்றிலும் மாறிவிட்ட ஆள் என்று அவர் சொன்னார், தண்டனை குறையவில்லை. ஆனால் எழுதும்போது அவருக்கு 20 வயது. உங்கள் பொடியனுக்கு இப்போதுள்ள வயது. இன்று முதல் அவன் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் கிரேயின் கணக்குத்தான். மைதானத்தில் அதே சொல்லை இன்று எதிரணி வீரனைப் பார்த்துச் சொன்னால், ஃபிஃபா கோவைப்படி குறைந்தது 10 ஆட்டத் தடை. இதை அவனுக்கு ஒளிவுமறைவில்லாமல் சொல்லுங்கள்.

வயதுக் கோட்டை 16இல் போடுவதா 18இல் போடுவதா என்று சட்டப் புத்தகக்காரர்கள் அடிபடட்டும். நான் விசாரணையில் உட்கார்ந்தால் பார்ப்பது இடையில் போன காலத்தை. 2019க்குப் பிறகு இந்த ஆறு வருடத்தில் அவன் வேறென்ன எழுதினான்? மாவட்ட அணியில் கிண்ணியாப் பொடியன்களோடு ஒரே வேனில் போனபோது எப்படி இருந்தான்? நோன்பு மாதத்தில் பயிற்சி நேரத்தை மாற்றச் சொன்னபோது முணுமுணுத்தானா, சரி என்றானா? 13 வயதில் எழுதியதையே 17இலும் 19இலும் எழுதியிருந்தால், நான் இந்தப் பதிலை வேறு மாதிரி எழுதியிருப்பேன். நீங்கள் அவனைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர், உங்களுக்குத் தெரியும்.

இனிக் கிண்ணியா. இதைத்தான் உங்கள் நிர்வாக சபையின் இரண்டு பாதியும் மறந்துவிட்டன.

'அவன் அப்போது பிள்ளைதானே' என்று சொல்லும்போது நாங்கள் எல்லோரும் ஒரு பிள்ளையைப் பற்றியே கதைக்கிறோம். அவனோடு மாவட்ட அணியில் ஆடிய கிண்ணியாப் பொடியனுக்கும் 2019இல் 13 வயதுதான். அவன் அந்த மாதங்களில் எப்படி இருந்தான்? நகரத்துக்கு வந்தால் பையைத் திறந்து காட்டு என்றார்கள், தாயின் உடுப்பைப் பார்த்தார்கள். பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. குண்டு வைத்தவன் யாரென்றே அறியாத பிள்ளை அதற்குப் பதில் சொல்லித் திரிந்தது. இப்போது ஆறு வருடம் கழித்து, தனக்குப் பந்து தட்டித் தந்தவன், தான் கோல் போட்டால் ஓடிவந்து கட்டிப்பிடித்தவன், அந்த நாட்களில் தன்னைப் பற்றி என்ன எழுதினான் என்று படிக்கிறான். அதுவும் தமிழில். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால்கூட ஒரு தூரம் இருந்திருக்கும். எழுதியவனும் தமிழ், படித்தவனும் தமிழ். ஒரு எழுத்துக்கூட மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

ஒரு வருட இடைநிறுத்தத்தால் அந்தப் பொடியனுக்கு என்ன கிடைக்கிறது? ஒன்றும் இல்லை. அவனுடைய நண்பன் ஆட்டத்தை இழப்பான், ஊரில் நாலு பேர் 'கிண்ணியாக்காரனால்தான் எங்கள் பிள்ளைக்கு வேலை போனது' என்று தொடங்குவார்கள், பழி திரும்பவும் அவன் தலையில்தான் விழும். நிர்வாக சபைக்கு மட்டும் கை கழுவத் தண்ணீர் கிடைக்கும். இடைநிறுத்தத்துக்கு நான் எதிர் என்பதற்கு இரண்டாவது காரணம் என்று சொன்னேனே, இதுதான்.

ஆகவே அவன் போக வேண்டும். நேரே போய், அந்த மூன்று நான்கு பேர் முன்னால் நின்று கதைக்க வேண்டும். முகநூலில் அறிக்கை போடுவது பிறகு. அசீம் ரஃபீக்கை நினைத்துப் பாருங்கள். யோர்க்ஷயர் கிரிக்கெட் கழகத்தில் தனக்கு நடந்த இனவாதத்தை 2021இல் பிரித்தானிய நாடாளுமன்றக் குழு முன்னால் சொன்ன அதே ஆள். சொல்லி நாட்கள் போகவில்லை, அவரே 19 வயதில் யூதர்களை இழிவாக எழுதிய செய்தி வெளியே வந்தது. ஹேக் என்றும் சொல்லவில்லை, அது பகிடி என்றும் சொல்லவில்லை. நான்தான் எழுதினேன், வெட்கமாக இருக்கிறது என்றார். பிறகு, நாஜிகளிடமிருந்து சிறுமியாகத் தப்பி வந்த ஒரு யூத மூதாட்டியைப் போய்ச் சந்தித்து உட்கார்ந்து கேட்டார். அடிபட்டவனும் அடிப்பான் என்பது எங்கள் மூன்று இனத்துக்கும் தெரிந்த விடயம். எழுந்து போய் எதிரில் உட்கார்வதுதான் அருமை.

என்ன சொல்வது என்று அவன் கேட்பான். எழுதிக் கொடுக்காதீர்கள். ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: 'யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்' என்று தொடங்காதே. அந்த 'ஆல்' இருக்கிறதே, அது மன்னிப்பின் கழுத்தை நெரிக்கும் விகுதி. புண்பட்டவர்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது என்ன 'இருந்தால்'? நான் எழுதினேன், உங்களைப் பற்றி எழுதினேன், அது பொய், அது கேவலம். இதற்கு மேல் அவனுக்கு வருவது வரட்டும். அழுகை வந்தாலும் பரவாயில்லை, வராவிட்டாலும் பரவாயில்லை. 'அப்போது எனக்கு 13 வயது' என்பதை அவன் சொல்லக் கூடாது. அது உண்மை, ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். சொல்லாமலும் விடலாம். ஒருவன் கை கொடுக்க மறுத்து எழுந்து போனால் அதையும் தாங்கிக்கொள்ளத் தயாராகப் போகட்டும்.

நீங்களும் கூடப் போங்கள், செயலாளர் ஐயா. வழிகாட்டியாக அல்ல, 41 பேரில் ஒருவராக. அவன் பேசி முடித்த பிறகு, அந்த லைக்கைப் பற்றி உங்கள் வாயால் சொல்லுங்கள். அந்தப் பொடியன்களுக்கு அவனுடைய மன்னிப்பைவிட உங்களுடையதுதான் புதினமாக இருக்கும் என்று நினைக்கிறேன். பெரியவர்கள் அப்படிச் சொல்லி அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். மற்ற 40 பேரையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லவில்லை; ஆனால் நிர்வாக சபைக் கூட்டத்தில் அந்தப் பட்டியலை மேசையில் வைத்துவிட்டு, பொடியனைத் தண்டிக்க விரும்புகிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

பழைய பதிவை இப்போது அழிக்கலாமா என்றும் யாராவது கேட்பார்கள். அழிக்கலாம், அழிக்கத்தான் வேண்டும், ஆனால் கொழும்புக்கு நீங்கள் அனுப்பும் கடிதத்தோடு அதன் பிரதியை வைத்த பிறகு. இல்லாவிட்டால் மறைத்தோம் என்றாகும். கலிபோர்னியாவில் 18 வயதுக்கு உட்பட்டவர்கள் தாங்கள் போட்டதைத் தாங்களே நீக்க 2015 முதல் சட்டம் உரிமை தருகிறது. அங்கேயும் மற்றவர்கள் எடுத்துப் பரப்பியதை அந்தச் சட்டத்தால் தொட முடியாது. ஸ்கிரீன்ஷாட் அழியாது, அதை அவன் ஒரு தழும்பு மாதிரிப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

கொழும்புக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. பதிவு அவனுடையதுதான் என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். எழுதிய திகதியும் பிறந்த திகதியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும், கூட்டிக் கழிப்பதை அவர்கள் செய்யட்டும். அன்று அவன் எந்தக் கழகத்திலும் பதிவு பெற்ற வீரன் அல்ல என்பது அடுத்த வரி, உண்மையாக இருந்தால் மட்டும். இந்த ஆறு வருடத்தில் அவன்மீது ஒரு முறைப்பாடும் இல்லை என்றால் அதையும், அவனுடைய பயிற்றுவிப்பாளரின் கையொப்பத்தோடு. கிண்ணியாவுக்குப் போய் வந்த பிறகு, போனோம் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். அங்கே யார் என்ன சொன்னார்கள் என்று எழுத வேண்டாம், படமும் எடுக்க வேண்டாம். அந்தப் பொடியன்கள் உங்களுக்கு நற்சான்றிதழ் இல்லை. கழகம் எடுத்த நடவடிக்கை என்ன என்று கேட்டால், ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கவில்லை, எடுக்கச் சட்டத்திலும் யாப்பிலும் இடமில்லை என்று நேராகவே சொல்லுங்கள். அவர்கள் அதற்கு மேல் பயிற்சி வகுப்பு ஏதும் வைத்தால் அவன் போகட்டும். ஒப்பந்தத்தை முறிக்கப் பார்த்தால் கடிதத்தோடு என்னிடம் வாருங்கள், கட்டணம் பற்றி யோசிக்க வேண்டாம்.

போவதற்கு வெள்ளிக்கிழமை பகல் வேண்டாம், ஜும்ஆத் தொழுகை. சனிக்கிழமை பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு அவர்களுக்குப் பயிற்சி இருக்கும், எல்லோரும் மைதானத்தில்தான் நிற்பார்கள். முதலில் அவர்களுடைய பயிற்றுவிப்பாளருக்குப் போன் எடுத்து, இன்ன விடயமாக வருகிறோம், வரலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அடுத்த கிழமை திரும்பக் கேளுங்கள்.